பெயின்ட்டுக்கு அடியில் இருந்த எழுத்து: பழைய இழுவை லாரியை மீட்டவர்கள் எழுதுங்கள்

பட்டறைவாசி

வண்டி அமெரிக்காவின் டைமண்ட் டி 980 லாரி. இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் அறிமுகம் வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் டாங்கி இழுப்பதற்காகத் தயாரித்தது, போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்டது, அப்புறம் பல வருஷம் டிரான்ஸ்ஃபார்மரும் பாய்லரும் இழுத்துவிட்டுக் கொட்டகையில் கிடந்தது. அந்த 14.7 லிட்டர் ஹெர்குலிஸ் டீசல் இன்ஜினைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. நான் எழுத வந்தது கேபின் கதவைப் பற்றி.

கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டிக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு சிவப்பு, அதற்கடியில் இன்னொரு சிவப்பு, அப்புறம் கருநீலம். மனசு அடுத்த வேலையில் இருந்தது. கருநீலம் உதிரும்போது மஞ்சளாக ஏதோ பறந்தது. பார்த்தேன், ஆனால் கை நிற்கவில்லை. இன்னும் ஒரு சாண் தூரம் தேய்த்த பிறகுதான் சுவிட்சை அணைத்தேன்.

கையால் எழுதிய எழுத்து. ஒவ்வொன்றுக்கும் வலது பக்கம் மெல்லிய கறுப்பு நிழல். எழுதியவர் வளைவில் மூச்சை அடக்கி ஒரே இழுப்பாக இழுத்திருப்பது தெரிந்தது. கடைசி நான்கு எழுத்துதான் மிச்சம். அந்த வண்டியை வைத்துப் பிழைத்த நிறுவனத்தின் பெயர் என் செருப்பில் தூளாக ஒட்டியிருந்தது.

மறுபக்கக் கதவுக்கு ஓடினேன். அது வேறொரு வண்டியில் இருந்து கழற்றி மாட்டிய கதவு. சிவப்புக்கு அடியில் ராணுவப் பச்சை மட்டும்தான்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது, வண்டி நன்றாக ஓடுகிறது. அந்த நான்கு எழுத்தின் மேல் வார்னிஷ் அடித்து அப்படியே விட்டிருக்கிறேன். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கண் அங்கேதான் போகிறது. உங்களுக்கும் இப்படி மனதை விட்டுப் போகாத ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

ஆறுசக்கரம்

எனக்கு பிரேக். வண்டி பிரிட்டனின் ஸ்காமெல் இழுவை லாரி, சக்கரம் வழுக்காமல் இருக்கப் பின்னால் பாரப் பெட்டி நிறைய இரும்புக் கட்டை. ஏர் லைன் எல்லாம் புதிதாகப் போட்டு, டேங்கில் காற்று ஏற்றி, பிரேக்கை மிதித்த நிலையிலேயே பெடலுக்குக் கட்டை கொடுத்து, எங்கே கசிகிறது என்று சோப்பு நுரை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹேண்ட் பிரேக் கம்பி இன்னும் மாட்டவில்லை. தரை சமம் என்றுதான் இருவருமே நினைத்தோம்.

இந்தக் காலத்து லாரியில் காற்று இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து வண்டியில் காற்று போனால் பிரேக்கும் போய்விடும். தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும்.

தம்பி முன் ஆக்சிலுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். வண்டி நகர்ந்ததற்குச் சத்தமே இல்லை. சக்கரத்துக்கு முன்னால் இருந்த மரக்கட்டை நெரிபடும் சத்தம்தான் கேட்டது, ஈர விறகு பிளப்பது போல. அவன் பெயரைச் சொல்லிக் கத்த வாய் திறந்தேன், குரல் வரவில்லை. கட்டை பாதி வரை பிளந்து, அதோடு நின்றது. அவன் அடியில் இருந்தபடியே, "அண்ணே, எட்டாம் நம்பர் ஸ்பேனர் குடு" என்றான்.

அவனிடம் இன்று வரை சொல்லவில்லை.

செங்காவி

பட்டறைவாசி, எழுத்து போனது வருத்தம்தான். ஆனால் உலர்ந்த பழைய பெயின்ட்டை வயர் பிரஷ்ஷால் தூளாக்கினேன் என்று படித்ததும் எனக்குப் பயம் வேறு பக்கம் போனது. அந்தக் காலத்து பெயின்ட்டிலும் அடிப்பூச்சிலும் ஈயம் இருக்கும். சிவப்பு அடிப்பூச்சு பல வண்டிகளில் ஈயச் செந்தூரமேதான். அதை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்க்க வேண்டும், அல்லது பெயின்ட் ரிமூவர் பூசிச் சுரண்ட வேண்டும். தூசிக்கான சரியான முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், வாயில் கட்டும் துணி போதாது. வேலை செய்த சட்டையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

கதவில் எழுத்து இருக்கிறதா என்று தேய்க்கும் முன்பே பார்க்கலாம். இருட்டின பிறகு ஒரு டார்ச்சைக் கதவோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பிரஷ்ஷால் எழுதிய எழுத்துக்குத் தடிமன் உண்டு, மேலே இரண்டு மூன்று பூச்சு ஏறினாலும் அதன் விளிம்பு மேடாகத் தெரியும். தெரிந்தால் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் ஈரத்தில் தேய்த்து, ஒவ்வொரு பூச்சாக இறங்குங்கள். வட்ட வட்டமாக நிறங்கள் வரும். எந்த நிறத்துக்கு அடியில் எழுத்து இருக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள்.

பிரேக் டிரம் கழற்றும்போதும் கவனம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. காற்றடித்து ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். டயரைப் பிடித்துவைக்கும் தனி இரும்பு வளையம், அதாவது லாக் ரிங் வைத்த ரிம் என்றால் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும், நீளமான ஹோஸ் போட்டு விலகி நில்லுங்கள். என் கண் முன்னால் 12.00-20 டயர் ஒன்றில் ரிங் தெறித்துக் கொட்டகைக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. அப்போது கொஞ்சம் முன்பு வரை அதே இடத்தில் குனிந்து நின்றவன் நான். என் அனுபவம் அவ்வளவுதான்.

இரட்டைக்கிளச்

பட்டறைவாசி செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. வார்னிஷ் அடித்தால் எழுத்து பிழைத்துவிடாது. ஓரத்தில் வெறும் இரும்பு திறந்திருக்கிறது, துரு அந்த விளிம்பு வழியாக அடியில் நுழையும். ஐந்தாறு வருஷத்தில் எழுத்து தானாகப் பெயர்ந்து வரும். டிரேசிங் தாளில் படியெடுத்து, அளவெடுத்து, நிறத்தைக் குறித்துவைத்துவிட்டு, முழுக்கச் சுத்தம் செய்து, பிரைமர் அடித்துப் புதிதாக எழுத வேண்டும். உழைத்த வண்டி. அதன் சொந்தக்காரர்கள் அதைத் துருவோடு தெருவில் விட்டிருக்க மாட்டார்கள்.

என்னுடையது ஸ்காமெல் பயனியர், கார்ட்னர் 6எல்டபிள்யூ டீசல் இன்ஜின். 8.4 லிட்டர், 102 குதிரைசக்தி, அதை வைத்து 30 டன் டாங்கி இழுத்தார்கள். இரண்டு வருஷம் வேலை பார்த்து முதல் முறை ஸ்டார்ட் செய்த அன்று, சிலிண்டரில் அழுத்தம் சேராமல் விடும் டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவைத்து, ஆயில் பிரஷர் வரும் வரை இன்ஜினைச் சும்மா சுற்றவிட்டிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. ஒரு சிலிண்டர் பிடித்தது, அப்புறம் ஆறும் சேர்ந்தன. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு ஆயில் பிரஷர் கேஜைப் பார்த்தேன், முள் பூஜ்யத்தில் இருந்தது. எவ்வளவு நேரமாக அங்கேயே இருந்ததோ. பிரித்துப் பார்த்தபோது இரண்டு கனெக்டிங் ராடு பேரிங் வழித்தெடுத்தது போல இருந்தது.

ஆறுசக்கரம்

இரட்டைக்கிளச் சார், துரு பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் படியெடுத்துப் புதிதாக எழுதினால் அது உங்கள் எழுத்து. அந்த மனிதர் இழுத்த வளைவு தாளில் வராது. கிழிந்த ஓரத்தில் மட்டும் பிரைமர் தடவித் துருவை நிறுத்தலாமே. நான்கு எழுத்தையும் ஏன் எடுக்க வேண்டும்?

பட்டறைவாசி

ஓரத்துக்கு இந்த வாரமே பிரைமர் வைக்கிறேன். செங்காவி சொன்ன டார்ச்சை நேற்று ராத்திரி அடித்துப் பார்த்தேன், நான் தேய்த்துவிட்ட பக்கத்திலும்தான். எதுவும் தெரியவில்லை, வெறும் தகடு.

ஆறுசக்கரம், தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

கருந்தார்

நான் புதியவன். என் வண்டியின் டீசல் பம்ப் பத்து வருஷம் அசையாமல் இருந்தது. உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஸ்டார்ட் ஆன உடனே சுற்று ஏற ஆரம்பித்தது. ஸ்டாப் லிவரை இழுத்தேன், கேட்கவில்லை. டேங்க் வால்வை மூடினேன், ஃபில்டரிலும் பைப்பிலும் இருந்த டீசலே அதற்குப் போதுமாக இருந்தது. சத்தம் அலறலாக மாறியது, தரை அதிர்ந்து மேஜையில் இருந்த நட்டெல்லாம் நடந்து கீழே விழுந்தது. அப்பா மட்டும் ஓடவில்லை. ஏர் கிளீனர் மாட்டாமல் திறந்திருந்த காற்று வாயில் ஒரு பலகையை இரண்டு கையாலும் அழுத்தினார்.

இன்ஜின் இருமியது, புகையைக் கக்கியது, நின்றது. அவர் கையை எடுத்த பிறகும் பலகை கொஞ்ச நேரம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் கீழே விழுந்தது.