தாத்தா வீடு (குடும்பக் குழு)

வித்யா: கவின் இன்று பள்ளிக்குப் போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். இடக்கையில் எழுதுவதால் மிஸ் அவனைப் "பீச்சாங்கை" என்று கூப்பிடுகிறாராம். இப்போது வகுப்பே அப்படித்தான் கூப்பிடுகிறதாம்.

பாலா: எந்த மிஸ்? நாளைக்கே வந்து கத்திவிட்டுப் போகிறேன்

பெரியம்மா: நீ போகாதே. மண்டபத்துக்காரரிடம் கத்தி அட்வான்ஸ் போனது போதும்

மதுரை மாமா: வித்யா, 31 வருடம் சாக்பீஸ் பிடித்தவன் சொல்கிறேன். முதலில் அவனிடம் பொறுமையாகக் கேள். எந்த நாள், எந்தப் பாடவேளை, என்ன சொன்னார். தேதி போட்டு எழுதி வை. அப்புறம் மிஸ்ஸைத் தனியாகப் பார், கேட் வாசலில் நாலு பேர் முன்னால் வேண்டாம். "ஏன் திட்டினீர்கள்" என்று ஆரம்பித்தால் சண்டைதான். "காலையில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான், என்ன நடந்தது மிஸ்" என்று கேள். பெஞ்சில் இடது ஓரமாக உட்கார வைக்கச் சொல். நடுவில் இருந்தால் பக்கத்துப் பையன் கையில் இடிக்கும், பாதிக் கோபம் அதில்தான் இருக்கும். மழுப்பினால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடு, நகல் வைத்துக்கொள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: அடிப்பது மட்டுமல்ல, மனதை நோகடிப்பதும் கூடாது. அதற்கும் அசையாவிட்டால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417.

சித்தி: அண்ணா, அப்பா என் இடக்கையைத் தூணில் கட்டியபோது கயிறு எடுத்துக் கொடுத்தது யார்?

பாலா: 😂😂

மதுரை மாமா: எனக்கு அப்போது 11 வயது

சித்தி: எனக்கு 7

பெரியம்மா: அதை விடுங்கள். வித்யா, பொங்கலன்று இடக்கையில் சாப்பிட்டான் என்று நானும் கையைத் தட்டிவிட்டேனே. அழுதானா?

வித்யா: அழவில்லை பெரியம்மா. இன்று அதையும் சேர்த்துத்தான் சொன்னான்.

பாலா: சச்சின் எழுதுவதே இடக்கையில்தான், அவனிடம் சொல்

பெரியம்மா: ஞாயிறு அம்மா திதி. 9 மணியா 10 மணியா?

மதுரை மாமா: 9

வித்யா: மாமா, வியாழக்கிழமை மிஸ்ஸைப் பார்க்க நீங்கள் கூட வருவீர்களா? அவருக்கு லீவு இல்லை.

மதுரை மாமா: முழங்கால் வலி. பார்க்கிறேன்

சித்தி: நான் வருகிறேன்

பெரியம்மா: நீ போய் அங்கே அழுவாய்

சித்தி: அழுதால் என்ன?

பெரியம்மா: சரி சரி. வாழைக்காய் யார் வாங்குகிறீர்கள்?