சொந்த ஊரிலேயே பலகாரத் தொழில்: மானியத்தை நம்பி இறங்கலாமா?

தேவகோட்டைப் பலகாரம்:

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டையில் வீட்டிலேயே ஆறு வருடமாகப் பலகாரம் போட்டு விற்கிறேன். மணகோலம், தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம். கல்யாண ஆர்டர்தான் பிழைப்பு. உதவிக்கு மூன்று பெண்கள் வருகிறார்கள். இந்த ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த ஆர்டரில் பாதியை வேண்டாம் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. இரண்டு அடுப்பையும் ஒரு கிரைண்டரையும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் முடியவில்லை.

மதுரையில் இருக்கும் தம்பி, அங்கேயே ஷெட் பிடித்துத் தருகிறேன், வந்துவிடு என்கிறான். எனக்கு மனம் வரவில்லை. சீடை மாவைச் சீப்பில் அழுத்தி விரலில் சுருட்டுகிற பக்குவம் இந்த மூன்று பேர் கையில்தான் இருக்கிறது. அவர்கள் குடும்பத்தை விட்டு எப்படி வருவார்கள்?

உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு மத்திய அரசு 35 சதவீதம் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டேன். மாவு பிசையும் எந்திரம், பிழியும் எந்திரம், பாக்கெட் சீல் போடுவது, ஷெட் வேலை எல்லாம் சேர்த்து 12 லட்சம் வருகிறது. அப்படியானால் மானியம் 4.20 லட்சம். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. மானியப் பணம் வந்ததும் அதை வைத்துத் தீபாவளிக்கு எண்ணெயும் மாவும் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரியாக வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தங்குடிக்காரன்:

தங்கச்சி, அந்தக் கணக்கை இன்றைக்கே கிழித்துப் போட்டுவிடு. மானியம் நம் கைக்கு வராது.

நான் ஆத்தங்குடியில் தரைக்கு ஒட்டுகிற பூக்கல் செய்கிறவன். அப்பா காலத்துப் பட்டறை. 2019-ல் தனியாகத் தொடங்கியபோது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 10 லட்சத்துக்குப் போட்டேன். கிராமத்தில் தொடங்குகிற சிறப்புப் பிரிவினருக்கு அதிலும் 35 சதவீதம்தான். நம் பங்கு 5 சதவீதம். 50 ஆயிரத்தை நான் கட்ட, மீதி 9.50 லட்சத்தை வங்கி கடனாகக் கொடுத்தது. 3.50 லட்சம் மானியம் ஏழு மாதம் கழித்துத்தான் வங்கிக்கு வந்தது. அதுவரை முழுத் தொகைக்கும் வட்டி. வந்த பணமும் வங்கியிலேயே தனியாக 3 வருடம் கிடந்தது. அந்த அளவு கடனுக்கு வட்டி இல்லை, அவ்வளவுதான் அப்போதைக்குப் பலன். 3 வருடம் முடிந்து, ஆள் வந்து பட்டறை நடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போன பிறகுதான் கடனில் கழித்தார்கள்.

நான் பட்ட கஷ்டம் வேறு. அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே, ஆர்டர் நெருக்குகிறதே என்று கலவை எந்திரத்தை வெளியில் 3 வட்டிக்கு வாங்கிப் போட்டுவிட்டேன். பில் தேதி முந்தியதாக இருந்ததால் அதைத் திட்டத்தில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த 85 ஆயிரத்தை அடைக்க இரண்டு வருடம் ஆனது. எந்திரம் எவ்வளவு அவசரமானாலும் அனுமதிக்கு முன்னால் பில் போடாதே.

அப்புறம், எங்கள் தொழிலில் கல் உடனே காசாகாது. கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றி, அச்சை எடுத்து, சிமெண்ட் கலவை போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, வெயிலில் காயவைத்து, கண்ணாடி தானாக விட்டுக்கொடுத்த பிறகுதான் கல். அதுவரை கூலி நம் கையில் இருந்து போக வேண்டும். உனக்கும் அப்படித்தான். கல்யாண வீட்டார் பாக்கி தருவதற்குள் எண்ணெய்க்கடைக்காரர் வாசலில் நிற்பார். அந்த நடைமுறை மூலதனத்தையும் கடன் விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேள்.

ஓய்வு பெற்றவள், காரைக்குடி:

வங்கியில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். ஆத்தங்குடித் தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்றிரண்டு சேர்க்கிறேன் அம்மா.

நீ ஏற்கெனவே உத்யம் பதிவும் (சிறுதொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) உணவுப் பாதுகாப்புப் பதிவும் வைத்துத் தொழில் நடத்துகிறாய் என்றால் அந்தத் தம்பி வாங்கிய திட்டம் உனக்குக் கிடைக்காது. அது புதுத் தொழிலுக்கு. நீ கேட்ட உணவுத் திட்டம் நடக்கிற தொழிலை விரிவாக்கவும் தருவார்கள். 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம், உன் பங்கு குறைந்தது 10 சதவீதம். அதாவது 1.20 லட்சம். மீதி 30 ஆயிரத்தை வைத்துக்கொண்டு தீபாவளிச் சரக்கு எடுக்க முடியாது, பார்த்துக்கொள். மானியம் இதிலும் 3 வருடம் வங்கியில்தான். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் காட்டக்கூடாது. இந்தத் திட்டத்துக்கு 2025–26 நிதியாண்டு வரை என்று காலம் வைத்திருந்தார்கள். ஆகவே சிவகங்கையில் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடங்கு.

விண்ணப்பம் நிரப்பித் தர மாவட்ட வள நபர் என்று ஒருவர் இருப்பார். அவருக்கு அரசே பணம் தருகிறது. வேறு யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்காதே. வீட்டு மின் இணைப்பில் எந்திரம் ஓட்டாதே. தொழில் இணைப்பு வாங்கினால் குறுந்தொழிலுக்கு மாநில அரசு மின்கட்டணத்தில் 20 சதவீதத்தை 3 வருடம் திருப்பித் தருகிறது. இது சிறிய தொகைதான், ஆனால் நடக்கிற தொழிலுக்கு அவ்வப்போது வருகிற காசு.

வளவு வீடு:

நான் சென்னையில் இருக்கிறேன், ஊர் கானாடுகாத்தான் பக்கம். அரசு மானியத்தை மட்டும் பேசுகிறோம், நம் ஊர்க்காரர்கள் என்ன தருகிறோம் என்பதையும் பேச வேண்டும். 1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். முதலில் இடத்தையும் பணத்தையும் வைத்தார், பிறகு நிறுவனம் வந்தது.

எங்கள் பங்காளிகளின் வீடு ஒன்று தேவகோட்டையில் வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிறது. இரண்டாங்கட்டுக்கு, அதாவது உள்முற்றத்துக்குப் பின்னால் பெரிய அடுப்படி, கிணறு, தனி வாசல். நூறு இலை விழுந்த இடம். முதல் ஒரு வருடம் வாடகை வேண்டாம், வீட்டைப் பெருக்கி விளக்கேற்றினால் போதும் என்று நான் பங்காளிகளிடம் பேசிப் பார்க்கிறேன். ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் சிரமம்.

தேவகோட்டைப் பலகாரம்:

அண்ணன், அக்கா, ஐயா, மூன்று பேருக்கும் நன்றி. கணக்கை மாற்றிப் போட்டேன். அந்த வீடு கிடைத்து, ஷெட் வேலை இல்லையென்றால் திட்டம் 8 லட்சத்துக்கு இறங்குகிறது. என் பங்கு 80 ஆயிரம், மீதி 70 ஆயிரம் சரக்குக்கு. திங்கட்கிழமை சிவகங்கை போகிறேன். வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால்தான் வங்கியில் காட்ட முடியும், ஐயா. அடுப்படித் தரை மட்டும் பெயர்ந்திருந்தால் ஆத்தங்குடிக் கல்லே போட்டுக்கொள்ளலாமா அண்ணே?

ஆத்தங்குடிக்காரன்:

முகப்பில் போடு, வருகிறவர்கள் பார்க்கட்டும். எண்ணெய்ச் சட்டி வைக்கிற இடத்தில் வேண்டாம் தங்கச்சி. எங்கள் கல் எண்ணெயைக் குடித்துவிடும், கறை போகாது. அங்கே எண்ணெய் இறங்காத, வழுக்காத தரைக் கல்லாகப் பார்த்து வாங்கு.