ஸ்கார்லெட் லெட்டர்: ஹெஸ்டர் எதுக்கு மறுபடி பாஸ்டனுக்கே வர்றா?

கேள்வி:
நதானியேல் ஹாதார்ன் எழுதின தி ஸ்கார்லெட் லெட்டர் நேத்து ராத்திரிதான் முடிச்சேன், ஒரு விஷயம் மட்டும் மனசு ஒப்பவே மாட்டேங்குது. ஹெஸ்டரை மூணு மாசக் கைக்குழந்தையோட மேடையில ஏத்தி ஊரே பாக்க நிக்க வச்சாங்க, அப்புறம் ஏழு வருஷம் நெஞ்சுல கள்ள உறவுக் குத்தத்தைக் குறிக்கிற அந்த சிவப்பு ஏ எழுத்தோடயே நடமாடுறா, குழந்தையோட அப்பாவான பாதிரியார் டிம்ஸ்டேல் செத்ததும் மகளைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிடுறா. சரி தப்பிச்சான்னு பாத்தா தனியா அதே குடிசைக்கு வந்து, யாரும் சொல்லாமலே அந்த எழுத்தை எடுத்துக் குத்திக்கிறா! ஊர் அவளை அந்தளவுக்கு உடைச்சுப் போட்டுடுச்சா? கோவம் கோவமா வருது.

பதில் 1:
உங்க கோவம் நியாயம்தாங்க. கதை நடக்குற 1640கள்ல அமெரிக்காவோட மாசசூசெட்ஸ்ல இந்தக் குத்தத்துக்கு மரண தண்டனையே உண்டு, 1644ல மேரி லேதம், ஜேம்ஸ் பிரிட்டன்னு ரெண்டு பேரை பாஸ்டன்ல நிஜமாவே தூக்குல போட்டாங்க. அங்க ஆணுக்கும் சேத்துதான் தண்டனை. நாவல்ல பாருங்க, அந்த டிம்ஸ்டேல் பாதிரியாரா பால்கனியில நின்னுக்கிட்டு "கூட இருந்தவன் பேரைச் சொல்லு"ன்னு அவகிட்டயே கேக்குறான், எனக்கு வயிறு எரிஞ்சது அங்கதான். ஹாதார்னுக்கு இது சொந்தக் குடும்ப விஷயமும் கூட, 1692ல அதே மாசசூசெட்ஸ்ல இருக்குற சேலத்துல (Salem) சூனியக்காரங்கன்னு 19 பேரைத் தூக்குல போட்ட வழக்குல அவரோட எள்ளுத்தாத்தா ஜான் ஹாதார்ன் ஒரு நீதிபதி. முன்னோர் செஞ்சதுக்கு நான் வெக்கப்படுறேன்னு முன்னுரையிலயே எழுதியிருக்காரு, அது நீளமா இருக்குன்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க.

பதில் 2:
உடைஞ்சுட்டான்னு நான் ஒத்துக்க மாட்டேன். 14ஆம் அத்தியாயத்துல அவ புருஷன் சில்லிங்வொர்த் வந்து, அந்த எழுத்தைக் கழட்ட அனுமதிக்கலாம்னு சபையில பேச்சு நடக்குதுன்னு சொல்றான்ல, அதுக்கு அவ, இதை எடுக்குறது அதிகாரிங்க கையில இல்ல, எனக்குத் தகுதி வந்தா தானா விழும்னு சொல்லிடுறா. உடைஞ்சவ பேசுற பேச்சா அது? திரும்பி வந்தப்புறம் மனசு நொந்த பொம்பளைங்கல்லாம் அவ குடிசையைத் தேடி வந்து ஆலோசனை கேக்குறாங்க. அவ வாழ்க்கை நடந்தது அந்த ஊர்லதான், டிம்ஸ்டேல் சமாதியும் அங்கதான் இருக்கு, வேற எங்க போவா சொல்லுங்க.

கேள்வி கேட்டவர்:
14ஐ மறுபடி படிச்சேன், நீங்க சொல்றது புரியுது. காட்டுல ஹெஸ்டர் அந்த எழுத்தைக் கழட்டி எறிஞ்சதும் மக பேர்ல் ஓடையைத் தாண்டி வர மாட்டேன்னு அடம்பிடிச்சு அழுதது இப்பதான் உறைக்குது, அந்தப் பிள்ளைக்கு எழுத்து இல்லாத அம்மாவைத் தெரியவே தெரியாது. ஆனா டிம்ஸ்டேலை மட்டும் என்னால மன்னிக்க முடியல.

பதில் 1:
நானும் மன்னிக்கல. 12ஆம் அத்தியாயத்துல ஊரே தூங்குற நேரத்துல மேடை ஏறி நிக்கிறான், நாளைக்கு மத்தியானம் எங்ககூட இங்க நிப்பியான்னு பேர்ல் கேக்குறா, மாட்டேன்னு சொல்லி நியாயத்தீர்ப்பு நாள்னு தள்ளிப் போடுறான். பகல்ல அவங்க கையைப் பிடிச்சு ஏறுறது 23ல, உயிர் போற நேரத்துல. அதுக்குள்ள அவளுக்கு ஏழு வருஷம் போயிடுச்சுங்க.