ஆணுறை போட்ட பிறகும் பயமா?

"ஆணுறை போட்டனான், ஆனாலும் நித்திரை வருகுதில்லை" எண்டு கேக்கிற தம்பிமாருக்கு. தொடக்கத்திலேயே போட்டதோ, கடைசி வரைக்கும் கிழியாமல், கழராமல் இருந்ததோ? ரெண்டுக்கும் ஓம் எண்டால் எச்.ஐ.வி.க்குப் பயந்து சாப்பாட்டை விடத் தேவையில்லை. அந்த வைரஸ் உறை செய்யிற நல்ல லேற்றக்ஸ் ரப்பரைத் தாண்டாது. வெட்டை எண்டு ஊரில சொல்லுற கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் உறை நல்ல காப்பு. ஆனால் புண் வாற சிபிலிஸ், கொப்புளம் போடுற ஹேர்ப்பிஸ், மரு வரப்பண்ணுற எச்.பி.வி. வைரஸ் மூண்டும் தோலோட தோல் முட்டினாலே தொத்தும். விதைப்பையிலோ தொடை இடுக்கிலோ புண் இருந்தால் உறை அதை மூடாது. இன்னொண்டு, வாயால செய்யேக்க கனபேர் உறை போடுறேல்லை, அதைக் கணக்கில எடுக்கிறதுமில்லை. கொனோரியாவும் சிபிலிசும் அந்த வழியாலயும் வரும்.

*

மேல எழுதின அண்ணா சொன்ன "கிழியாமல்" எண்ட இடத்திலதான் கனக்கப் பிழைக்குது. தேங்காய் எண்ணெய், வஸ்லின் பூசினால் லேற்றக்ஸ் சில நிமிஷத்திலேயே பலம் கெடும், பார்வைக்கு ஒண்டும் தெரியாது. பாமசியில தண்ணித்தன்மையான ஜெல் எண்டு கேட்டு வாங்குங்கோ. மாதக்கணக்கா பேர்சில கிடந்ததையும், எங்கட வெயிலில நிக்கிற மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழ வைச்சதையும் எறியுங்கோ. போடேக்க நுனியைக் கிள்ளிக் காத்தை வெளியேத்தவேணும். உட்புறம் வெளிப்புறம் மாறி வைச்சிட்டால் அதையே திருப்பிப் போடாதேங்கோ, நுனியில பட்ட திரவம் இப்ப வெளிப்பக்கம் வந்திடும். ஒண்டுக்கு மேல ஒண்டா ரெண்டு போட்டால் உரஞ்சிக் கிழியக்கூடும். முடிஞ்சதும் விறைப்புக் குறைய முன்னம் அடியைப் பிடிச்சபடி வெளிய எடுங்கோ. கிழிஞ்சதோ எண்டு சந்தேகமெண்டால் கழட்டினதுக்குள்ள தண்ணி விட்டுப் பாருங்கோ, ஓட்டை இருந்தால் ஒழுகும்.

*

கிழிஞ்சிருந்தால் நேரம்தான் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கவேணும், முதல் நாளே எண்டால் இன்னும் நல்லது. 28 நாள் விடாமல் குடிக்கவேணும். தேவையோ இல்லையோ எண்டதை வைத்தியர் முடிவெடுப்பார். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில பாலியல் நோய்க் கிளினிக் இருக்கு, காசில்லை, வேற வைத்தியரின்ர கடிதமும் தேவையில்லை. சனி ஞாயிறெண்டால் திங்கள் வரைக்கும் பாத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கோ.

அடுத்த நாளே இரத்தம் குடுத்து "நெகட்டிவ்" எண்டு ஆறுதல்படுறது வீண், அது பழைய கதையை மட்டும்தான் சொல்லும். எச்.ஐ.வி.க்கு அன்ரிஜெனும் (வைரஸின்ர துண்டு) அன்ரிபொடியும் (அதை எதிர்க்க உடம்பு செய்யிறது) சேத்துப் பாக்கிற ஆய்வுகூடப் பரிசோதனைக்கு உறவுக்குப் பிறகு 45 நாள் பொறுக்கவேணும், அன்ரிபொடி மட்டும் பாக்கிற விரைவுச் சோதனைக்கு 90 நாள். கொனோரியா ஆம்பிளையளுக்கு அநேகமா ஒரு கிழமைக்குள்ள சீழும் எரிவுமாத் தெரியும். கிளமிடியா சத்தமில்லாமல் கிடக்கும், பெண்களுக்குக் கருக்குழாயை அடைச்சுப் பிள்ளைப்பேறையே கெடுக்கும். ரெண்டுக்கும் 2 கிழமை கழிச்சுப் பாக்கலாம். அதுக்குச் சலம் (சிறுநீர்) குடுக்க முன்னம் ஒரு மணித்தியாலம் சலம் விடாமல் இருக்கவேணும்.

சிபிலிஸ் புண் 3 கிழமையளவில வரும், நோகாது, மருந்தில்லாமலே ஆறும். ஆறினது புண் மட்டும்தான், கிருமி உள்ளுக்க இருக்கும். 12 கிழமையில இரத்தம் பாத்தால்தான் நம்பலாம்.

பாமசியில சும்மா அன்ரிபயோட்டிக் வாங்கிக் குடிக்காதேங்கோ, அது அறிகுறியை மறைச்சிடும். டெற்றோலால கழுவாதேங்கோ, கழுவின எரிவையே நோயெண்டு நினைச்சுப் பயப்பிடுவியள்.