ஓவர்செல்லிங்: மிகைவிற்பனையா, மிகையொதுக்கீடா?

அனைவருக்கும் வணக்கம்.

வலை ஓம்பல் (வெப் ஹோஸ்டிங், இணையத்தளத்துக்கு இடம் வாடகைக்குத் தருவது) திட்டங்களை ஒப்பிடும் கையேட்டுக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வழங்கி (சர்வர்), ஆள்களப் பெயர் (டொமைன்), காப்புநகல் (பேக்கப்), இயங்குநேரம் (அப்டைம்) எதிலும் தகராறு இல்லை. 'ஓவர்செல்லிங்' மட்டும் நிற்கிறது. வரைவில் 'மிகைவிற்பனை' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படிப்பவர், நிறுவனம் நிறைய விற்றது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆடித் தள்ளுபடியில் துணிக்கடை விற்பதும் மிகைவிற்பனைதானே! இங்கே சொல்லவேண்டியது வேறு: கையில் இருப்பதைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுப்பது.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு வழங்கியில் 64 ஜிபி நினைவகம், 16 கோர் செயலி, ஒன்றின் பிரதியாக மற்றொன்று இயங்கும் இரண்டு 2 டிபி வட்டுகள். ஆக, பயன்படுத்தக் கிடைப்பது 2 டிபிதான். அதில் 500 வாடிக்கையாளர் கணக்குகள். கணக்குக்கு 20 ஜிபி இடம், 1 ஜிபி நினைவகம் என்று விளம்பரம். விற்ற இடம் 10 டிபி, விற்ற நினைவகம் 500 ஜிபி. ஆளுக்குச் சராசரி ஒன்றரை ஜிபி இடம்தான் பிடிக்கிறார்கள் என்றால் மொத்தம் 750 ஜிபி; வண்டி ஓடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கேட்டால் ஓடாது. இந்தச் செயலுக்கு ஒரு சொல் வேண்டும். 'கொள்ளளவு மீறிய விற்பனை' என்பது சரியான பொருள் தருகிறது, ஆனால் அட்டவணைத் தலைப்புக்கு நீளம். கருத்துச் சொல்லுங்கள்.

---

> கையில் இருப்பதைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுப்பது

ஐயா, கணக்கு சரி. ஆனால் 'வாக்குக் கொடுப்பது' என்றதுமே ஏமாற்று என்ற தொனி வந்துவிடுகிறது. பகிர்வு ஓம்பலில் (ஒரே வழங்கியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்வது) இதைச் செய்யாத நிறுவனம் இல்லை. மாதம் நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு தளத்தை வைத்திருக்க முடிவதே இதனால்தான். கணக்குக்கு 1 ஜிபி நினைவகத்தைத் தனியாக எடுத்து வைப்பதென்றால், அந்த 64 ஜிபி வழங்கியில் இயங்குதளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் போக ஐம்பது பேர்கூட இருக்க முடியாது. விலை பத்து மடங்காகும்.

எனவே சொல் நடுநிலையாக இருக்கவேண்டும். 'மிகையொதுக்கீடு' என்பது என் பரிந்துரை. ஒதுக்கீடு எல்லோருக்கும் பழகிய சொல். ஒதுக்கப்படுவது இடமோ, நினைவகமோ, செயலி நேரமோ, எதுவானாலும் பொருந்தும். மெய்நிகர் வழங்கிக்கும் (ஒரு வழங்கியை மென்பொருளால் பிரித்து, தனி வழங்கிகள்போல் தருவது) இதே சொல்லை எடுத்துப் போகலாம். அங்கே 'ஓவர்கமிட்' என்று தனியாக ஒரு சொல் புழங்குகிறது, நடப்பது ஒன்றேதான்.

மெய்நிகர் வழங்கியிலும் வகை உண்டு என்பதைக் கையேட்டில் சேர்க்கவேண்டும். ஓபன்விஇசட் போன்ற கொள்கலன் வகையில் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு). அதனால் நினைவகத்தை மிகையாக ஒதுக்குவது மிக எளிது. கேவிஎம் வகையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கெர்னல். அங்கேயும் செய்யமுடியும், ஆனால் நினைவகத்தில் கைவைக்க நிறுவனங்கள் தயங்கும், செயலி நேரத்தில்தான் கைவைப்பார்கள். 'இரண்டு விசிபியூ' என்பதைப் பலர் இரண்டு முழுக் கோர் என்று நினைத்து வாங்குகிறார்கள். விசிபியூ என்பது மெய்நிகர் செயலி; பெரும்பாலும் அது கோருக்குள் ஓடும் இரண்டு இழைகளில் ஒரு பங்குதான்.

---

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

மிகையொதுக்கீடு நல்ல சொல், மறுப்பில்லை. ஆனால் கையேட்டை வாசிப்பவர் யார்? வழங்கி நடத்துகிறவர் இல்லை, முதன்முதலாக ஒரு இணையத்தளத்துக்கு இடம் வாங்கப் போகிற பாவனையாளர். அவருக்கு நிறுவனம் எவ்வளவு ஒதுக்கியது என்பது தெரியவே போவதில்லை. எந்த நிறுவனமும் அதைச் சொல்லாது. அவருக்குத் தெரிவது விளைவு மட்டும்: பகலில் ஓடுகிற தளம் இரவு எட்டு மணிக்குப் பிறகு இழுபடுகிறது. அந்த விளைவுக்குத் தனிச் சொல் வேண்டும். 'நெரிசல்' என்று நான் சொல்வேன். செயலுக்கு மிகையொதுக்கீடு, அது எல்லை மீறியபோது நடப்பதற்கு நெரிசல். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்ததால்தான் இந்த இழுபறி.

நெரிசலை அளக்க முடியும் என்பதால் இந்தச் சொல்லுக்குப் பயனும் உண்டு. பகிர்வு ஓம்பலை வாங்கியதும், பணம் திரும்பக் கிடைக்கும் காலத்துக்குள் (பெரும்பாலான இடங்களில் 30 நாள்) இதைச் செய்து பார்க்கலாம். தளத்தில் மூன்று கோப்புகளை வையுங்கள். ஒன்று வெறும் உரைக்கோப்பு. இரண்டாவது ஒரே ஒரு சொல்லை அச்சிடும் பிஎச்பி (வழங்கியில் ஓடிப் பக்கத்தை ஆக்கும் நிரல்). மூன்றாவது தரவுத்தளத்தில் ஒரு சின்ன வினவல் ஓட்டும் பிஎச்பி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூன்றையும் அழைத்து, முதல் பைட்டு வர எடுத்த நேரத்தை ஒரு கிழமைக்கு (ஒரு வாரத்துக்கு) பதிந்துகொள்ளுங்கள்.

மூன்றும் ஒன்றாகத் தாமதித்தால் பிணையமோ (நெட்வொர்க்) வட்டோ காரணம். உரைக்கோப்பு உடனே வந்து இரண்டாவது தாமதித்தால் செயலியில் நெரிசல். மூன்றாவது மட்டும் என்றால் தரவுத்தள வழங்கியில் நெரிசல்; பல இடங்களில் இதுதான் முதலில் திணறும். சராசரியைப் பார்க்காதீர்கள், அது எல்லாவற்றையும் மூடிவிடும். நூறு அழைப்புகளை வேகப்படி அடுக்கி, தொண்ணூற்றைந்தாவது எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள். சராசரி 300 மில்லிநொடி, அது மட்டும் 4 நொடி என்றால் கணக்கை மூடிவிட்டு வேறிடம் பார்ப்பது நல்லது.

சோதனை ஓடும் இடமும் முக்கியம். வாசகர் சென்னையிலும் கொழும்பிலும் இருக்க, அமெரிக்காவிலிருந்து அளந்து பயனில்லை. சென்னையிலிருந்து அமெரிக்க வழங்கிக்குப் போய்வர மட்டுமே 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அந்தத் தூரத்தை நெரிசல் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது.

---

> 'இரண்டு விசிபியூ' என்பதைப் பலர் இரண்டு முழுக் கோர் என்று நினைத்து வாங்குகிறார்கள்

இதற்கும் சோதனை உண்டு. மெய்நிகர் வழங்கியில் 'டாப்' என்ற லினக்ஸ் ஆணையை ஓட்டினால், செயலி வரியின் கடைசியில் 'எஸ்டி' என்று ஒரு விழுக்காடு தெரியும். உங்கள் வழங்கி செயலியைக் கேட்டு, அது வேறொருவருக்குப் போனதால் காத்திருந்த நேரம் அது. எப்போதாவது இரண்டு, மூன்று வந்தால் பொருட்படுத்த வேண்டாம். மணிக்கணக்கில் 10க்கு மேலேயே நின்றால் நெரிசல்தான். புகார் எழுதும்போது வெறுமனே 'மெதுவாக இருக்கிறது' என்று எழுதாமல், இந்த எண்ணை நேரத்தோடு குறிப்பிட்டால் வேறு வழங்கிக்கு மாற்றித் தருவார்கள். அப்படியும் மாற்றவில்லை என்றால் நாமே மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

வட்டு வேகத்துக்கு 'டிடி' என்ற ஆணையை ஓட்டி ஜிபி கணக்கில் எண் வந்ததென்று மகிழ்வோர் உண்டு. இடைமாற்று நினைவகத்தை (கேஷ்) தவிர்த்து நேரடியாக எழுதும்படி ஓட்டாவிட்டால், அளப்பது வட்டை அல்ல, நினைவகத்தை.

---

நெரிசல் என்ற சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: தளம் திணறுவதற்கெல்லாம் பக்கத்துக் கணக்குகளைக் குறை சொல்லக் கூடாது. நம் கணக்குக்கு வைத்த வரம்பையே நாம் முட்டியிருக்கலாம். சொற்பட்டியலில் இந்த வேறுபாடு இல்லாவிட்டால் படிப்பவர் தவறான திட்டத்துக்குப் பணம் கட்டுவார்.

கிளவுட்லினக்ஸ் (பகிர்வு ஓம்பலுக்கான இயங்குதளம்) ஓடும் பகிர்வு வழங்கிகளில் ஒவ்வொரு கணக்குக்கும் வேலி உண்டு: செயலி, நினைவகம், வட்டுப் போக்குவரத்து, அதோடு 'என்ட்ரி பிராசஸ்'. இந்தக் கடைசி ஒன்றுதான் ஆளைக் கவிழ்க்கும். பலர் இதை 'ஒரே நேரத்தில் 20 பேர்தான் பார்க்கலாம்' என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிஎச்பி நுழைவுகள் 20 என்பதுதான் பொருள். ஒரு பக்கத்தை ஆக்க அரை நொடி பிடித்தால் நொடிக்கு 40 பக்கம் தரலாம். சிறு தளத்துக்கு அது தாராளம். அதே பக்கம் 4 நொடி பிடித்தால் நொடிக்கு 5 பக்கம்தான். அதற்கு மேல் வருபவர்களுக்கு 508 பிழை (வரம்பு எட்டியது என்ற அறிவிப்பு) தெரியும். ஆக, 508 வந்தால் பெரிய திட்டத்துக்குத் தாவும் முன் பக்கம் ஏன் 4 நொடி பிடிக்கிறது என்று பார்க்கவேண்டும். வேர்ட்பிரஸில் (தளம் நடத்தும் மென்பொருள்) பக்க இடைமாற்று நீட்சி (ஆக்கிய பக்கத்தைச் சேமித்துத் தரும் துணைநிரல்) ஒன்றைப் போட்டாலே, சேமித்த பக்கங்கள் பெரும்பாலும் தரவுத்தளத்தைத் தொடாமல் போய்விடும். நுழைவும் சட்டென்று விடுபடும்.

இதற்கு 'உடன்நுழைவு வரம்பு' என்று வைக்கலாமா? 

அடுத்து ஐநோடு, ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் இருக்கும் பதிவு. யுனிக்ஸ் பாடநூலுக்கு 'சுட்டுக்கணு' இருக்கட்டும். திட்ட அட்டவணையில் 'கோப்பு எண்ணிக்கை வரம்பு' என்றே போட்டுவிடலாம். வாங்குபவருக்கு வேண்டியது அதுதான். '50 ஜிபி இடம்' என்ற வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் இந்த எண் ஒளிந்திருக்கும். இடம் தீர்வதற்கு முன் இது தீர்ந்துவிடும். வேர்ட்பிரஸில் ஒரு படம் ஏற்றினால் வெவ்வேறு அளவுகளில் ஆறேழு கோப்புகள் உருவாகும். மின்னஞ்சலையும் அதே வழங்கியில் வைத்தால் ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. அழிக்காத மடல்பெட்டி ஒன்றே பல்லாயிரம் எண்ணிக்கையைத் தின்றுவிடும். சில ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் தானியங்கிக் காப்புநகல் நின்றுவிடும் என்றும் எழுதியிருப்பார்கள். தாண்டியது தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் நிறைய.

---

பகிர்வு ஓம்பலுக்கு 'ஒண்டுக்குடி ஓம்பல்' என்று வைத்தால் நெரிசல் என்ற சொல்லும் தானாகப் பொருந்தும்! தண்ணீர்க் குழாய் ஒன்று, குடித்தனம் எட்டு. விளக்கமே தேவையில்லை.

---

> ஒண்டுக்குடி ஓம்பல்

சுவையாக இருக்கிறது அம்மா, ஆனால் விற்பவர் எவரும் தன் தளத்தில் அப்படிப் போட்டுக்கொள்ள மாட்டார். விற்பவரும் வாங்குபவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால்தான் அது நிலைக்கும். 'பகிர்வு ஓம்பல்' இருக்கட்டும்.

'அன்லிமிட்டட்' பற்றி யாரும் தொடவில்லை. அதை 'வரம்பற்ற' என்று பெயர்த்தால் நாமே விளம்பரத்துக்குத் துணைபோகிறோம். ஒப்பந்தத்தில் 'நியாயமான பயன்பாடு' என்ற பிரிவு இருக்கும்வரை அது வரம்பற்றது அல்ல, வரம்பு எண்ணாகச் சொல்லப்படாதது. 'அன்மீட்டர்டு' இன்னொன்று: அங்கே கடந்துபோகும் தரவை அளப்பதில்லை, ஆனால் குழாயின் அகலம் (இணைப்பின் வேகம்) நிலையானது. எனவே முதலாவது 'வரம்பு கூறாத', இரண்டாவது 'அளக்கப்படாத'.

அதே ஓட்டத்தில் 'பேண்ட்வித்'. சொற்பட்டியலில் 'அலைவரிசை அகலம்' என்று இருக்கிறது. நொடிக்கு இத்தனை பிட்டு என்ற வேகத்துக்கு அது சரி. ஆனால் ஓம்பல் திட்டத்தில் 'மாதம் 100 ஜிபி பேண்ட்வித்' என்று எழுதுவது வேகம் அல்ல, மொத்த அளவு. இங்கே 'மாதத் தரவுப் போக்கு' என்று மாற்றவேண்டும். 100 ஜிபியை 30 நாளுக்குப் பரப்பினால் நொடிக்குச் சராசரி 0.31 மெகாபிட்டுதான் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எதை ஒப்பிடுகிறோம் என்பதே தெரியாது. தமிழ் உரைத் தளங்களுக்கு இந்த எண் பெரும்பாலும் கவலை தராது. யுடிஎஃப்-8இல் (இணையத்தில் வழக்கமான எழுத்துக் குறியாக்கம்) தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. 10,000 குறியீடு கொண்ட நீண்ட கட்டுரையே 30 கேபிதான். எடை முழுதும் படங்களில். பக்கம் 2 எம்பி, மாதம் 20,000 பார்வை என்றால் 40 ஜிபி.

தமிழ் என்பதால் வேறொன்று இடிக்கும், வழங்கி மாற்றும்போது. தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளைப் பழைய கருவியில் ஜிப் செய்து மறுபக்கம் விரித்தால் பெயர் சிதைந்து படங்கள் காணாமல் போகும். தரவுத்தளத்தை லத்தீன்1 (மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கான) குறியாக்கத்தில் இறக்கிவிட்டால் உரை முழுதும் கேள்விக்குறிகளாகும். புது இடம் யுடிஎஃப்8எம்பி4 (4 பைட்டு எழுத்துகளையும் ஏற்கும் தரவுத்தளக் குறியாக்கம்) தருகிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். வழக்கமான தமிழ் எழுத்துகள் 3 பைட்டில் அடங்கும். ஆனால் 2019இல் யூனிகோடு 12இல் சேர்ந்த பழைய பின்ன, அளவைக் குறிகளுக்கு 4 பைட்டு வேண்டும். பெரும்பாலான எமோஜிக்கும் அப்படியே.

---

இதுவரை பேசியதை வைத்துப் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன். ஒப்புதல் தந்தால் சேர்த்துவிடலாம்.

மிகையொதுக்கீடு: ஒரு வழங்கியின் உண்மைக் கொள்ளளவைவிடக் கூடுதலான இடம், நினைவகம், செயலி நேரம் ஆகியவற்றை வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்குதல், எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதும் பயன்படுத்தமாட்டார்கள் என்ற கணக்கில் செய்யப்படுவது. குற்றப்பொருள் இல்லை.

நெரிசல்: மிகையொதுக்கீட்டால் ஒரு கணக்கின் பயன்பாடு மற்றொன்றைத் தடுக்கும் நிலை. கணக்கு தன் சொந்த வரம்பை எட்டி நிற்பது நெரிசல் ஆகாது. அது 'வரம்புத் தடை'.

காப்புநகல் பதிவிலும் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற ஓம்பல் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். எனவே திட்டத்தில் 'காப்புநகல் உண்டு' என்று இருந்தால் மட்டும் போதாது. 'அயலிடக் காப்புநகல்' என்று தனி வரிசை சேர்த்திருக்கிறேன்.

விலைக்கு இரண்டு வரிசைகள்: 'அறிமுக விலை', 'புதுப்பிப்பு விலை'. இந்தியாவில் வாங்கினால் இரண்டின்மேலும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு என்று அடியில் ஒரு வரி. இயங்குநேரம் 99.9 விழுக்காடு என்பதன் பக்கத்தில் '30 நாளில் 43 நிமிடம் நிற்கலாம்' என்று போட்டாயிற்று.

மிச்சம் இருப்பது 'எஸ்டி' என்று டாப்பில் வரும் அந்த 'ஸ்டீல் டைம்'. 'திருட்டு நேரம்' வேண்டாம், வழங்கியில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பயந்துபோவார்கள். 'பறிபோன நேரம்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். யாழ்ப்பாண நண்பர் என்ன சொல்கிறார்?

---

'பறிபோன நேரம்' சரிதான். சேர்த்துவிடுங்கள்.