விக்டோரியா காலத்து லண்டன்ல பால்ல தண்ணி கலந்ததை எப்படி கண்டுபிடிச்சாங்க?

பழம்பக்கம்:
1850கள் லண்டன் பத்தி படிச்சுட்டு இருக்கேன், தெரு பம்புக்கு "இரும்பு வால் பசு"ன்னே பேராம், பால்ல அவ்ளோ தண்ணி அதுல இருந்து போயிருக்கு. பாலோட அடர்த்தி காட்டற லாக்டோமீட்டர்தான் அப்பவே இருந்துச்சே, அதை பால்ல மிதக்க விட்டுப் பாத்தா தெரிஞ்சிருக்குமே, அப்புறம் ஏன் பிடிக்க முடியல? சுண்ணாம்பு கலந்தாங்கன்னு சொல்றது உண்மையா?

சோதனைக்குழாய்:
லாக்டோமீட்டரை மட்டும் நம்பினதுதாங்க பிரச்சனையே. நல்ல பாலோட ஒப்படர்த்தி, அதாவது தண்ணியை விட எத்தனை மடங்கு கனம்ங்கறது, சுமார் 1.028ல இருந்து 1.034க்குள்ள இருக்கும், தண்ணி ஊத்தினா இறங்கும், சரி. ஆனா க்ரீம் தண்ணியை விட லேசு, அதை வழிச்சு எடுத்துட்டா மிச்சப் பால் கனமாயிடும், அப்புறம் அளவா தண்ணி ஊத்தினா மீட்டர் மறுபடி நல்ல பால் கோட்டுலயே வந்து நிக்கும். ரெண்டு தடவை ஏமாத்தின பால் பாஸ் ஆயிடும்! கொழுப்பு நிறைய இருக்கற அசல் பால் லேசா இருக்கறதால அதுமேல சந்தேகம் விழும். அதனால கோடு போட்ட கண்ணாடிக் குழாய்ல பாலை 12 மணி நேரம், 24 மணி நேரம் அசையாம வச்சு மேல எவ்ளோ க்ரீம் கட்டுதுன்னும் பாத்தாங்க, அதுவும் மாட்டுக்கு மாடு மாறும்.

சுண்ணாம்பு கதை பெருசாப் பேசப்பட்டது. 1851ல இருந்து ஆர்தர் ஹில் ஹசால்னு ஒரு டாக்டர் மைக்ராஸ்கோப் வச்சு சோதிச்சு, வித்தவங்க பேர், விலாசத்தோட லான்செட் மருத்துவப் பத்திரிகைல போட்டார். பால்ல அவர் பாத்த முக்கியமான கலப்படம் வெறும் தண்ணிதான்.

பழம்பக்கம்:
அப்ப கோர்ட்ல எதை வச்சு நிரூபிச்சாங்க?

தராசுத்தட்டு:
காய வச்சு எடை போட்டு! வாங்க்லின்னு ஒரு வேதியியலாளர் 1870கள்ல பரப்பின முறை. கொஞ்சம் பாலை நிறுத்து பிளாட்டினம் கிண்ணத்துல ஊத்தி வெந்நீர் ஆவி மேல வச்சா தண்ணி போய் திடப்பொருள் நிக்கும், அதுல கொழுப்பை ஈதர் ஊத்திக் கரைச்சு எடுத்துட்டு மிச்சத்தைப் பாக்கணும். கொழுப்பு பசுவுக்குப் பசு எக்கச்சக்கமா மாறும், இந்த மிச்சம் அவ்ளோ மாறாது, அதான் இதோட பலமே. 1874ல ஆரம்பிச்ச அனலிஸ்ட் (உணவைச் சோதிக்கற வேதியியலாளர்) சங்கம் பால்ல இந்த மிச்சம் குறைஞ்சது 9% இருக்கணும்னு வச்சுது, 7.2%தான் இருந்தா அஞ்சுல ஒரு பங்கு தண்ணின்னு கணக்கு. அது ரொம்ப கறார்னு சோமர்செட் ஹவுஸ் அரசு லேபோட வருஷக்கணக்கா சண்டை, கடைசில 1901 விதில 8.5% ஆச்சு.

1875 உணவு, மருந்து விற்பனைச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாம்பிளை மூணாப் பிரிச்சு சீல் வச்சு ஒண்ணு வித்தவருக்கு, ஒண்ணு அனலிஸ்டுக்கு, ஒண்ணு தகராறு வந்தா பாக்க. ஏழைக் குழந்தைங்க வயித்துக்குப் போற பால், விக்கறவர் மேலயும் பொய்க் குத்தம் விழக்கூடாது, ரெண்டையும் யோசிச்சிருக்காங்க.

மஞ்சள்காகிதம்:
தண்ணியோட நிக்கலங்க, பால் கெடாம இருக்க போரிக் ஆசிட் போட்டாங்க. பாலை எரிச்ச சாம்பல்ல அமிலம் விட்டு மஞ்சள் தடவின காகிதத்தை நனைச்சு காய வைப்பாங்க, செவந்து போனா போரிக் இருக்கு. அப்புறம் அதே வேலைக்கு ஃபார்மலின் வந்துச்சு, அதைக் கண்டுபிடிக்க கந்தக அமிலத்தை பால் அடில மெதுவா விட்டா ரெண்டும் சேர்ற இடத்துல ஊதா வளையம் கட்டும்.

இந்தச் சோதனையெல்லாம் எவ்ளோ தண்ணி, என்ன மருந்துன்னு சொல்லும், அந்தத் தண்ணில என்ன இருந்துச்சுன்னு சொல்லாது. 1873ல லண்டன் மேரிலபோன் பகுதில டைஃபாய்டு பரவினப்ப ஒரு பண்ணைல இருந்து வந்த பால்தான் காரணம்னு தெரிஞ்சுது, கெட்டுப்போன கிணத்துத் தண்ணி. அதை எந்த மீட்டரும் காட்டல, யார் யார் வீட்டுக்கு எந்தப் பால் போச்சுன்னு விசாரிச்சுதான் கண்டுபிடிச்சாங்க.