அலாய் ரிம் மாற்ற வேண்டும்: அளவு, பணம் இரண்டிலும் யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. பள்ளத்தில் இறங்கியதில் என் காரின் முன்சக்கர ரிம் வளைந்து, உள்விளிம்பில் விரிசல் விட்டிருக்கிறது. வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்கிறார்கள். குடும்பமே ஏறும் வண்டி, அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இப்போது இருப்பது 15 அங்குலம், 4 போல்ட், பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ., ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வரையான தூரம்) 45 மி.மீ., டயர் 185/65 (அகலம் மி.மீ.-இல், பக்கச்சுவர் உயரம் அதில் எத்தனை சதவீதம்). நான்கையும் மாற்றி 16 அங்குலத்துக்குப் போகலாமா என்று ஆசை. 195/55 டயர் போட்டால் மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. ஆனால் பிடித்த டிசைனின் ஆஃப்செட் 38. சக்கரம் 7 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். முழு லோடில் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டு) உரசுமா? பேரிங் சீக்கிரம் தேயுமா? நடு ஓட்டையும் பெரிது: ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) 54.1 மி.மீ., ரிம் 67.1 மி.மீ. இடைவெளிக்கு ஹப் ரிங் போட வேண்டும். பிளாஸ்டிக் ரிங் போதுமா, அலுமினியமா?

அப்புறம் பணம். ஆன்லைன் விற்பனையாளர் முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்கிறார். டயர் ஏற்றிவிட்டால் திரும்ப வாங்க மாட்டாராம். டயர் ஏற்றாமல் வெறும் ரிம்மை ஹப்பில் மாட்டி, பிரேக் காலிப்பரில் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) இடிக்கிறதா என்று பார்த்தபின் மீதியைத் தருவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. கடைக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா? தவணையில் வாங்கியவர்கள் இருந்தால், வட்டியும் செயலாக்கக் கட்டணமும் சேர்த்துக் கட்டுப்படியானதா என்று சொல்லுங்கள். ஒரே ஒரு ரிம்மை மட்டும் கம்பெனி பாகமாக வாங்குவதே மேல் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.